மூன்று முறை கழுவவும்

போன மாதம், நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த ஆய்வகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு. 'தண்ணீர் மாதிரி சேகரிக்கும் முறை' என்று தலைப்புக் கொடுத்து, அரை மணி நேரம் பேசலாம் என்றார்கள். சால்வை போர்த்தினார்கள். பதினோராவது நிமிடத்தில் ஓர் அதிகாரி சிரித்த முகத்தோடு எழுந்து வந்து, "சேவியர் சார் வந்து பேசுனதுக்கு ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உடனே தேநீர் இடைவேளை அறிவித்தார்கள். பதினோரு மணிக்குத் தேநீர் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. அப்போது மணி பத்தே கால்.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எதற்கு? இருக்கிறது. வெளியே டீயோடு நின்றபோது இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் வந்து, அந்தப் பாட்டில் அம்மா கதை பாதியில் நின்றுவிட்டதே, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த அதிகாரியும் படிக்கட்டும்.

என்னுடைய வேலை ஆய்வக உதவியாளர். ஊர் ஊராகப் போய்க் கிணறு, ஆழ்குழாய், குளம், ஆறு என்று தண்ணீர் எடுத்து வந்து, அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது, குடிக்கலாமா, பயிருக்குப் பாய்ச்சலாமா என்று பார்த்துச் சொல்வது. முதல் இரண்டு வருடம் வெறும் பாட்டில் கழுவினேன். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதில் மனப்பாடமான ஒரே விதி இது: எந்தத் தண்ணீரை எடுக்கப் போகிறோமோ, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, அலசியதைக் கீழே கொட்டிவிட்டு, நான்காவது முறைதான் நிரப்ப வேண்டும். முன்பு பாட்டிலில் ஒட்டியிருந்த எதுவும் முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. நல்ல விதி. இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது நிறையத் தண்ணீர் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு எழுதிய விதி. அதை எழுதியவர் ராமாத்தாளைப் பார்த்ததில்லை.

ராமாத்தாள் முதன்முதலில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. வாட்ச்மேன் அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். வாட்ச்மேனைக் குறை சொல்ல முடியாது. மஞ்சள் பை நிறையப் பிராந்தி பாட்டிலோடு ஒரு பெண்பிள்ளை அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தால் யார்தான் விடுவார்கள்? சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒல்லியான அம்மா. வலது கை மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். "ஏனுங்க, தண்ணி பாக்கற ஆபீசு இதுதானுங்களே?" என்று கேட்டார்.

பையில் ஆறு குவார்ட்டர் பாட்டில். ஆறிலும் தண்ணீர். ஆறு வெவ்வேறு கிணறுகளிலிருந்து எடுத்தது. எந்தத் தண்ணீரில் உப்பு குறைவு, எதில் கூடுதல் என்று தானே நாக்கில் வைத்துப் பார்த்து, வரிசையாக ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். எங்கள் மீட்டரில் பார்த்த பிறகு அந்தத் தாளைப் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஆய்வகத்தில் அன்றைக்கு வேலை குறைவு. வேடிக்கையாக இருக்கட்டும் என்று பார்த்தோம். ஐந்து பாட்டில் அப்படியே ஒத்துப்போனது. ஆறாவதில் மட்டும் வித்தியாசம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்து, மீட்டரின் முனையை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அவர் எழுதியதுதான் சரி. சிரிப்பு நின்றது. அவர் முகத்தில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. "மிசினையும் அப்பப்ப தொடைக்கணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனு கொடுக்க நேரமாகிறது என்று கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய தோட்டத்துக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். சோமனூருக்குத் தெற்கே, பல்லடம் போகிற வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர், ஒரு கிணறு. ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் ராமாத்தாள். இன்னொரு பக்கம் தம்பி தங்கவேல், அவர் மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள். தங்கவேல் பின்பக்கக் கொட்டகையில் விசைத்தறி ஓட்டினார். அவர் தறிக்கு வருகிற நூல், பக்கத்துச் சாயப்பட்டறையில் நனைந்து வருவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ராமாத்தாளுக்குப் பெயர் பாட்டிலக்கா. அவர் இருபத்தோரு வயதில் கல்யாணம் முடிந்து கிழக்கே ஓர் ஊருக்குப் போனவர். பன்னிரண்டாம் நாள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். பெரியவர்கள் கூடி விசாரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அடித்தாரா? இல்லை. குடியா? இல்லை. மாமியார் கொடுமையா? அதுவும் இல்லை, தங்கமானவர்கள். பிறகு ஏன் வந்தாய் என்றதற்கு, அந்த ஊர்த் தண்ணீர் நன்றாக இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறார். அதைத் தவிர வேறொரு காரணமும் கடைசி வரை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தண்ணீர் எங்கே குடித்தாலும் தண்ணீர்தான் என்று அவருடைய அம்மா திட்டினாராம். அன்றைக்கே அப்பாவின் டானிக் பாட்டிலைக் கழுவி, தங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மெழுகுவர்த்தியை உருக்கி மூடியை அடைத்து, தேதி எழுதி வைத்துவிட்டார். எதற்கு என்று நான் கேட்டேன். "சாட்சி வேணுமுங்களே" என்றார்.

அன்றிலிருந்து அமாவாசைக்கு ஒரு பாட்டில். எங்கள் பக்கத்தில் அமாவாசை அன்று ஏர் பூட்ட மாட்டார்கள், மோட்டார் போட மாட்டார்கள், தறிக்கும் விடுமுறை. கிணறு அன்று முழுக்கக் கலங்காமல் கிடக்கும். மாதாமாதம் அதே நிலையில், அதே படியில் நின்று, அதே ஆழத்தில் தண்ணீர் எடுப்பார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஜீப் கிடைத்த நாளில் போய், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் குழாயில் பிடித்துக்கொண்டு வந்தோம். பாட்டில் மட்டும் அவருக்கு எப்போதும் பற்றாக்குறை. சாலை வளைவில் பிராந்திக் கடைக்குப் பின்னால் கிடக்கும் குவார்ட்டர் பாட்டில்களைப் பட்டப்பகலில் பொறுக்கிக்கொண்டு வருவார். சாம்பல் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைப்பார். வெளிச்சம் பட்டால் பாட்டிலில் பாசி பிடிக்கிறது என்று தானே கண்டுபிடித்து, எல்லாவற்றையும் பழைய தானிய அறையில் இருட்டில் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் மருந்து பிளாஸ்திரி ஒட்டி, தேதியும் அன்றைய சுவையும் மையால் எழுதியிருந்தார். நான் பார்த்தபோது முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு.

இது தவிர ஆடுகள். அவருடைய எட்டு ஆடுகளுக்கும் ரயில்வே ஸ்டேஷன் பெயர். ஈரோடு, ஊத்துக்குளி, திருப்பூர், வஞ்சிபாளையம் என்று மேற்கே வந்து இருகூர், பீளமேட்டில் முடியும். நான் போயிருந்த ஒரு நாள், "ஈரோடு ரெண்டு நாளா தீவனம் எடுக்கலீங்க" என்று கவலையாகச் சொன்னார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ரேடியோவில் மணி சொல்லும்போது கடிகாரத்தைச் சரி செய்யாமல் சாப்பிட உட்கார மாட்டார். வாரம் ஒரு தபால் அட்டை கலெக்டருக்குப் போகும். அதில் ஒரே வரிதான் இருக்கும். 'இந்த வாரம் துவர்ப்பு.' 'இந்த வாரம் நாக்கில் நிற்கிற கசப்பு.' கலெக்டர் அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே சிரித்தவன்தான்.

ஆனால் அந்த அட்டைகளைத் தேதி வாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால், பக்கத்தில் சாயப்பட்டறை வந்த அடுத்த வருடத்திலிருந்துதான் துவர்ப்பும் கசப்பும் வருகின்றன. அதற்கு முன்னால் அவர் யாருக்கும் அட்டையே போடவில்லை.

பட்டறை உரிமத்தைப் புதுப்பிக்க மனுப் போட்டது. ராமாத்தாள் ஆட்சேபம் எழுதினார். பட்டறைக்காரர்கள், இந்தக் கிணறு ஆதியிலிருந்தே உப்புக் கிணறுதான், தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதில் கொடுத்தார்கள். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி எங்கள் ஆய்வகத்துக்கு உத்தரவு வந்தது. கேள்வி ஒன்றுதான்: பட்டறை வருவதற்கு முன்னால் இந்தத் தண்ணீர் நன்றாக இருந்ததா? இருந்தது என்றால், கழிவைச் சரிசெய்து காட்டும்வரை பட்டறையைத் திறக்க முடியாது. கிணறு பிழைக்க ஒரு வழி இருந்தது. இல்லை என்றால் கிணறு போனது போனதுதான்.

இதற்கு விடை, தேதியோடு, மெழுகு அடைத்து, தானிய அறையில் வரிசையாக இருந்தது. நான் மனசுக்குள் குதித்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு வழக்குக்கு இவ்வளவு நேரான சாட்சியை நான் பார்த்ததில்லை. நாள்பட்ட தண்ணீரில் சில விஷயங்கள் மாறும், அது உண்மைதான். ஆனால் உப்பு எங்கும் ஓடிவிடாது. அன்றைக்கு இல்லாத உப்பு பாட்டிலுக்குள் தானாக முளைக்கவும் செய்யாது.

அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்த பொறியாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டியதே இல்லை. கடைநிலை ஊழியரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எந்த நாற்காலியையும் கைக்குட்டையால் மூன்று தடவை துடைக்காமல் உட்கார மாட்டார். பிறர் வீட்டில் காபி கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மாதிரி சேகரிக்கும் விதிகளை அச்சடித்துக் கண்ணாடித்தாள் போட்டு எப்போதும் பையில் வைத்திருப்பார். அவரை யாரும் கிறுக்கு என்று சொன்னதில்லை. ஜீப்பில் வருகிறவர் நாற்காலியைத் துடைத்தால் அதற்குப் பெயர் ஒழுங்கு. பஸ்ஸில் வருகிற பெண்பிள்ளை தண்ணீரைப் பாட்டிலில் அடைத்தால் அதற்கு வேறு பெயர். என் வேலைக் காலம் முழுக்க இந்த அநியாயத்தைப் பார்த்துவிட்டேன்.

ஆய்வுக்குப் போன அன்று தங்கவேல் வாசல் தெளித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முறுக்கும் காபியும் தயாராக வைத்திருந்தார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பொறியாளர் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்ததும், தங்கவேல் குனிந்து மெதுவாக, அக்காவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை, அதிகாரிகள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். பொறியாளர் பரிவோடு தலையாட்டிவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். பச்சை மையில் அவர் எழுதியதை நான் பார்த்தேன். ராமாத்தாள் மூன்றடி தள்ளித்தான் நின்றார். அவர் காதில் விழுந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் கிணற்றிலிருந்து இன்றைய தண்ணீரை எடுத்தோம். எங்கள் ஒரு லிட்டர் கேனை மூன்று முறை அலசி, நிரப்பினேன். பிறகு தானிய அறைக்குப் போனோம். பட்டறை வருவதற்கு முந்தைய பாட்டில்களில் ஐந்தை எடுக்கும்படி பொறியாளர் சொன்னார். ராமாத்தாள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, என் கையில் கொடுத்தார். சந்தோஷமாக இருந்தார் என்றே நினைக்கிறேன்.

பாட்டில்களை அப்படியே, மெழுகு உடைக்காமல் கொண்டுபோகலாம் என்று சொன்னேன். பொறியாளர் புன்னகைத்தார்.

"அது மதுப் பாட்டிலுங்களே சேவியர். நம்ம கேனுக்கு மாத்தித்தானுங்க எடுத்துட்டுப் போகணும்."

மாற்றலாம், ஆனால் அலச வேண்டாம், கேன் புதுசு, காய்ந்திருக்கிறது என்றேன். அவர் பையிலிருந்து விதித் தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார். மூன்று முறை கழுவவும் என்று இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசிக்கொள்ளலாமே என்றேன். மாதிரி நீரால் என்றுதான் போட்டிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார்.

"நூத்தி எம்பது மில்லிதானுங்க சார் இருக்கு. மூணு தடவை அலசினா மிச்சம் ஒண்ணும் இருக்காதுங்க."

"நீங்களே பாருங்க. படிவத்துல விதிப்படி எடுத்ததுன்னு கையெழுத்துப் போடப் போறது நீங்கதானுங்க. நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதானுங்க பதில் சொல்லணும். நான் உங்களுக்காகத்தானுங்க சொல்றேன்."

இதைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்து நினைத்துக் கொதிக்கிறேன். அவர் அதட்டியிருந்தால் நான் எதிர்த்து நின்றிருப்பேன். எனக்கும் வாய் உண்டு. ஆனால் அவ்வளவு மரியாதையாக, என் நன்மைக்காகவே சொல்வதுபோலச் சொன்னால், எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு எதிர்த்துப் பேச நாக்கு எழாது. மரியாதைக்கு மரியாதை கொடுத்துப் பழகிவிட்டோம். நான் முதல் பாட்டிலின் மெழுகைக் கீறித் திறந்தேன். மூன்றில் ஒரு பங்கைக் கேனில் ஊற்றி, குலுக்கி, தரையில் கொட்டினேன்.

"ஏனுங்க, அதையேனுங்க கீழ ஊத்தறீங்க?" என்றார் ராமாத்தாள்.

விதி என்றேன். இரண்டாவது முறை ஊற்றி, குலுக்கி, கொட்டினேன். மூன்றாவது முறை கொட்டியபோது பாட்டிலில் ஒரு சொட்டுதான் இருந்தது. அது கேனின் அடியைக்கூட நனைக்கவில்லை. பொறியாளர், அடுத்தது எடுங்கள் என்றார். ஐந்து பாட்டிலையும் அப்படியே செய்தேன். என் இரண்டு கையாலும் செய்தேன். அந்தத் தானிய அறையின் மண் தரை ஐந்து அமாவாசைத் தண்ணீரையும் குடித்துவிட்டு, நாங்கள் கிளம்புவதற்குள் காய்ந்தும் போனது.

மிச்சம் இருப்பதில் இன்னும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ராமாத்தாள் அலமாரியைக் காட்டினார். ஐந்து மாதிரி என்பதுதான் உத்தரவு என்றார் பொறியாளர். எல்லாவற்றையும் ஒரே கேனில் சேர்த்து ஊற்றலாமே என்றார் ராமாத்தாள். வெவ்வேறு மாதத் தண்ணீரைக் கலக்க விதி இடம் கொடுக்காது என்றார் பொறியாளர். ஒவ்வொரு பதிலுக்கும் பொறியாளர் கை கூப்பினார். கிளம்பும்போது காபி நன்றாக இருந்தது என்று தங்கவேல் மனைவியிடம் சொன்னார்.

படிவத்தில் ஐந்து இடத்திலும் 'மாதிரி போதிய அளவு இல்லை' என்று எழுதினேன். கீழே, மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அறிக்கை வந்தது. கிணற்று நீர் உவர்ப்பானது. முன்பு வேறு விதமாக இருந்தது என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. மனுதாரரின் மனநிலை குறித்து உறவினரே ஐயம் தெரிவிக்கிறார். அதிலும் என் கையெழுத்து உண்டு. பட்டறைக்கு உரிமம் கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை ராமாத்தாள் மனு கொடுக்கக் கோயம்புத்தூர் வந்திருந்த நேரத்தில், தங்கவேல் பழைய பாட்டில்காரரை வரவழைத்து, தானிய அறையைக் காலி செய்துவிட்டார். பெண் பார்க்க ஒரம்பரை என்று விருந்தாளிகள் வருகிற வீட்டில் பிராந்தி பாட்டில் எதற்கு என்று அவருக்கு எண்ணம். அதிகாரிகளே ஆகாது என்று சொல்லிவிட்டார்களே என்று ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. அந்தக் காரணத்தைக் கொடுத்தவன் நான். எல்லாத் தண்ணீரையும் சாக்கடையில் கவிழ்த்திருக்கிறார்கள். ராமாத்தாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தபோது அலமாரி துடைத்துச் சுத்தமாக இருந்ததாம்.

இதை அவரே என்னிடம் சொன்னார். பத்து நாள் கழித்து ஆய்வகத்துக்கு வந்தார். இந்த முறை வாட்ச்மேன் தடுக்கவில்லை, ஏனென்றால் பையில் இருந்தது டானிக் பாட்டில். முதல் பாட்டில். அதை மட்டும் ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்ததால் தப்பித்திருக்கிறது. "இதைக் கழுவாத பாத்துச் சொல்லுங்க" என்று என் மேசையில் வைத்தார்.

பொறியாளர் வெளியூர் போயிருந்தார். ஒரு சிறிய பீக்கரை எடுத்து, பாட்டிலிலிருந்து கால் பங்குகூட ஆகாத அளவு ஊற்றி, மீட்டரின் முனையைத் துடைத்து வைத்தேன். அவ்வளவு தண்ணீரே போதும். அன்றைக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. அது எனக்குத் தெரியும், பொறியாளருக்கும் தெரியும். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. சுவைக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீருக்குத் தரத்தில் ஒரு படி கீழே. அந்தப் பக்கத்தில் நான் பார்த்த எந்தக் கிணற்றையும்விட மேல். முடிவை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் திருப்பிப் பார்த்தார். சீல் இல்லையா என்று கேட்டார். சீல் பொறியாளரிடம் இருக்கிறது, இதை வைத்து எங்கும் மனுப் போட முடியாது, நான் எழுதிக் கொடுத்ததாகவும் சொல்லாதீர்கள் என்றேன். அப்படித்தான் சொன்னேன். எனக்கு அப்போது பிள்ளைகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. இதெல்லாம் காரணம் ஆகுமா என்று என்னைக் கேட்டால், ஆகாது.

ராமாத்தாள் கோபப்படவில்லை. தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் பாட்டிலை மட்டும் எடுத்துப் பையில் போட்டார்.

"அது நல்ல தண்ணின்னு எனக்கு முந்தியே தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியோணும்னுதானுங்க கொண்டாந்தேன். வாரனுங்க" என்றார்.

போன மாதம் நான் சொல்ல வந்தது இந்த இரண்டு வாக்கியத்தைத்தான். அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. மைக்கைப் பிடுங்கினார்கள் என்று ஊரெல்லாம் புலம்புகிறேனே, பதினாறு வருடமாக என் வாயை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? ஒரு தாளை எடுத்து எழுதினேன். இன்ன கிணறு பற்றிய அறிக்கையில் நான் கையெழுத்திட்டது தவறு. அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தது. நானே சோதித்தேன். இதில் ஒரு படியைத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை, வராது. இன்னொரு படியை எடுத்துக்கொண்டு சோமனூருக்கு பஸ் ஏறினேன்.

தங்கவேல் தறியை விற்றுவிட்டு மகளோடு திருப்பூர் போய்விட்டார். ராமாத்தாள் மட்டும் இருக்கிறார். தலை நரைத்திருக்கிறது, கடிகாரம் அதேதான். ஆடு நான்காகக் குறைந்து, ரயில் வஞ்சிபாளையத்தோடு நின்றுவிட்டது. தானிய அறையைத் திறந்து காட்டினார். அலமாரியில் மறுபடியும் பாட்டில்கள். அந்த வருடத்திலிருந்து இந்த அமாவாசை வரை, ஒன்று விடாமல். எல்லாம் உப்புத் தண்ணீர். இதை எதற்கு அடைத்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். உப்பும் ஒரு நாள் மாறும், மாறுகிறபோது தெரிய வேண்டாமா என்றார். இந்த அம்மாவைத்தான் மனநிலை சரியில்லை என்று அரசாங்கத் தாளில் எழுதினோம்.

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக இரண்டு முறை படித்தார். சீல் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"தேதி போடலீங்களே" என்றார்.

பேனாவை எடுத்தேன். இன்றைக்கு என்ன தேதி என்று அவரிடமே கேட்டேன்.

"இன்னைக்குத் தேதி எதுக்குங்க? உங்களுக்குத் தெரிஞ்ச அன்னைக்குத் தேதியப் போடுங்க" என்றார்.

அந்த டானிக் பாட்டிலை நான் சோதித்த நாள் எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நாள், மாதம், வருடம் எல்லாம் எழுதினேன். பிறகு, அதற்குக் கீழே இன்றைய தேதியையும் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். இரண்டு தேதியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கடிதத்தை மடித்து டானிக் பாட்டிலுக்குக் கீழே வைத்தார்.